சொந்த விருப்பத்தின் பேரில்

அத்தியாயம் 17

போன வியாழக்கிழமை துணிப்பையோடு வந்து பேச்சியின் அறையில் படுத்த சுகப்பிரியா, இந்த வியாழக்கிழமையும் படுத்தேதான் கிடந்தாள்.

பழகிய வாசகர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம்தான் இந்த அறைக்குள் முதல்முறையாக நுழைகிறவர்களும் இருப்பார்கள். பேச்சிக்கு முப்பத்திரண்டு வயது. நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரகடத்துக்கு வந்து, காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் லைனில் நின்றவள். இன்று அந்த லைனுக்கே லீடர். சுகப்பிரியா அவளுக்கு ஆறு வயது இளைய தங்கை. வாழைத்தார் சுமக்கிற ஆறுமுகநயினாருக்கு இவர்கள் இரண்டே பெண்கள். மூத்தவள் படிப்பை விட்டு வேலைக்குப் போனாள். அதனால் இளையவள் எம்.எஸ்ஸி. வரை படித்து, தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பிஎச்.டி. சேர்ந்தாள். அவர்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்தவர்களே மூன்று பேர்தான். பிஎச்.டி. என்றால் என்ன என்று அப்பா கேட்டதற்கு, "டாக்டர்தாம்ப்பா, ஊசி போடாத டாக்டர்" என்று பேச்சி சொன்னாள். அதை ஆறுமுகநயினார் டீக்கடையில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஊசி போடாத டாக்டர்தான் இருபத்திரண்டு நாளாக ஆய்வுக்கூடத்துப் பக்கமே போகவில்லை. முதல் பதினைந்து நாள் ஹாஸ்டலில் கிடந்தாள், பிறகு அக்காவிடம் வந்துவிட்டாள்.

ஏன் என்று பேச்சிக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற ரிவ்யூவில், வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், சுகப்பிரியா ஆங்கிலத்தில் தடுமாறிய இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "நீ எந்தக் கோட்டாவுல உள்ள வந்த?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி வசந்தகுமார் சிரிக்கவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை, தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். அதற்குப் பிறகு ஆய்வுக்கூடத்து மெஷினில் அவளுக்கென்று ஒதுக்கிய நேரம் வாராவாரம் வேறு யாருக்கோ போனது. மற்றவர்கள் சேர்ந்து சாப்பிடப் போகும்போது குப்பிகளைக் கழுவுகிற வேலை அவளுக்கு வந்து சேர்ந்தது. கிணற்றுத் தண்ணீரிலிருக்கும் ஃபுளோரைடைப் பிடித்துவைக்கிற ஒரு மண்ணைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. அந்த மண்ணைத் தொட்டே மூன்று மாதமாகிறது.

இதில் எதைச் சொல்லி ஒருத்தி அழுவாள்? ஒவ்வொன்றாக எடுத்தால் எல்லாம் சின்ன விஷயம். பெரிய அநியாயத்துக்காவது நாலு பேர் கூடுவார்கள். சின்னச் சின்ன அநியாயத்துக்கு ஆள் கூடாது, ஆளைத்தான் அது தின்னும்.

சரி, நேற்றைக்கு வருவோம்.

நேற்று சாயங்காலம் டீ நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்த பேச்சி, கல்லூரி நம்பரிலிருந்து நான்கு அழைப்புகள் வந்திருப்பதைப் பார்த்தாள். திரும்பக் கூப்பிட்டால், ஆபீசில் கோபால் என்று ஒருவர் எடுத்தார்.

"இன்னாமா, உங்க தங்கச்சி இருபத்தோரு நாளா ஆப்சென்ட். அதோட போனு வேற ஸ்விட்ச் ஆப்ல கீது. கார்டியன்னு உங்க நம்பர்தான் இருக்குது. நாளைக்கு வந்து கனகலட்சுமி மேடத்தைப் பாருங்க."

"என்ன விஷயம் சார்?"

"அதெல்லாம் அவங்களாண்ட கேட்டுக்கோமா."

போனை வைக்கும்போதே, விஷயம் என்ன என்று பேச்சி முடிவுகட்டிவிட்டாள். ஏனென்றால் இந்தக் கதை அவளுக்கு மனப்பாடம்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் கம்பெனிகளில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம். மூன்று நாள் வராவிட்டால் போன் வரும். பத்து நாள் வராவிட்டால் "ஓடிப்போன ஆள்" என்று பெயரை வெட்டுவார்கள். அப்படி வெட்டுப்பட்ட பெயர் காண்ட்ராக்டருக்குக் காண்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் போகும். பேச்சியோடு ஒரே ஹாஸ்டலில் இருந்த தங்கமாரி, அம்மா செத்த சேதி கேட்டு, சொல்லாமல் ஊருக்கு ஓடினாள். காரியம் முடித்துத் திரும்பி வந்தால், எந்தக் கேட்டிலும் அவளை உள்ளே விடவில்லை. ஒரு வருஷம் அலைந்துவிட்டு, திருப்பூருக்குப் போய்விட்டாள்.

அதனால் இங்கே பெண்களுக்குள் ஒரு பாடம் உண்டு: அவர்கள் வெட்டுவதற்கு முன்னால் நாமே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நாமே போனால் பெயர் கெடாது, நாளைக்கு இன்னொரு கதவு திறக்கும். பேச்சியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால், அந்த லெட்டரை எழுதித் தரச்சொல்லி எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். நாற்பது பேருக்காவது எழுதியிருப்பாள். 'சொந்தக் காரணங்களால், எனது சொந்த விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி...' தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

கல்லூரியும் ஒரு கேட்டு, ஒரு செக்யூரிட்டி, ஒரு அட்டென்டென்ஸ் உள்ள இடம்தானே. பேச்சிக்கு வேறு எப்படி நினைக்கத் தெரியும்?

*

இந்த வாரம் அவளுக்கு மதியம் ஷிப்ட். காலை ஏழு மணிக்கே லெட்டரை எழுதி முடித்துவிட்டாள். கம்பெனி என்ற இடத்தில் கல்லூரி, வேலை என்ற இடத்தில் ஆராய்ச்சிப் படிப்பு. மற்றதெல்லாம் அதே வரிகள். டீயை ஆற்றித் தங்கையின் தலைமாட்டில் வைத்தாள்.

"ஏட்டி சுகா, எந்திரி. காலேஜ்ல இருந்து கூப்பிட்டாங்க."

சுகப்பிரியா எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாக எண்ணெய் படாத தலை. கன்னத்தில் பாயின் கோடு.

"என்ன சொன்னாங்க?"

"ஆப்சென்ட்டுன்னாங்க. ஆளு வரணும்னாங்க. பேரை வெட்டப்போறாங்கன்னு தோணுது." பேச்சி காகிதத்தை நீட்டினாள். "அவங்க வெட்டுனா நாளைக்கு எங்கயும் சேர முடியாது. நாமளே குடுத்திருவோம். நான் கொண்டுபோறேன், நீ வரவேண்டாம்."

சுகப்பிரியா காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அது பத்து வரிதான்.

"உனக்குச் சரின்னு படுதாக்கா?"

பேச்சிக்கு அது சரியென்று படவில்லை. தங்கையின் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டு, கம்பெனி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் எத்தனையோ முறை எழுதிப் பார்த்தவள். ஆனால் ஏழு நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே மூடிவைக்கிறவளிடம், "போ, போய்ப் படி" என்று எந்த வாயால் சொல்வது? இவளுக்குப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லத் தைரியமில்லாமல் தவிக்கிறாள், நாம்தான் வழிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"சரிதாம்ட்டி," என்றாள்.

சுகப்பிரியா பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அவள் முகம் அமைதியாக இருந்தது. அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டாள் பேச்சி. பாவம், அவளும் தங்கைக்குப் பெற்ற தாயாகவே இருந்து பழகியவள். தாய்மார்களும் ஏமாறுகிற இடம் இதுதான்.

கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு காரியமும் செய்தாள். சும்மா படுத்திருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று, கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற மாரிக்குப் போன் போட்டாள்.

"பிளஸ் டூ மார்க் ஷீட்டு ஒரிஜினல் கீதா?" என்றான் மாரி. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஜாயினிங். மத்தியானமா வந்து வாங்கிக்கிறேன். எம்.எஸ்ஸின்னு மட்டும் வாயைத் தொறக்காதீங்க அக்கா. படிச்ச பொண்ணுன்னா எடுக்க மாட்டான். ஒரிஜினல் ஒரு வருசம் எங்க ஆபீஸ்லதான் இருக்கும், தெரியும்ல?"

"தெரியும்," என்றாள் பேச்சி. சுகப்பிரியாவின் காதில் எல்லாம் விழுந்தது.

*

கல்லூரி ஆபீசில் கோபால் அந்த லெட்டரை வாங்கி, படித்து, "கரெக்டா எழுதிக்கினு வந்துட்டியேமா" என்று சொல்லி, சீல் வைத்து, நகலில் தேதி போட்டுத் தந்தார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷப் படிப்பை முடித்துவைக்க இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று பேச்சி நினைத்திருக்கவில்லை.

அப்போதுதான் உள்ளே வந்தார் வசந்தகுமார். கோபால் காட்டிய லெட்டரைப் பார்த்தார். அதே மேஜையில் குனிந்து, அதன் கீழே சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அக்காவா நீங்க? நல்ல பொண்ணுதாம்மா அவ. இது அவளுக்குக் கொஞ்சம் ஹெவி. நல்ல முடிவு எடுத்திருக்கீங்க."

சொல்லிவிட்டுப் புன்னகைத்தார். கெட்ட மனிதரின் புன்னகை இல்லை. தலையிலிருந்து பாரம் இறங்கிய மனிதரின் புன்னகை. அதைப் பார்த்ததும் பேச்சிக்கு முதன்முதலாகச் சுருக்கென்றது. லைனில் ஒரு பெண் லெட்டர் கொடுக்கும்போது சூப்பர்வைசர் இப்படிச் சிரித்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

"கனகலட்சுமி மேடத்தைப் பாக்கணும்னு சொன்னீங்களே சார்," என்றாள் கோபாலிடம்.

"லெட்டர்தான் குடுத்துட்டியே, இன்னும் இன்னாத்துக்கு? சரி, போய்ப் பாரு. மாடில."

மாடியில் ஒரு சின்ன அறை. கதவில் மாணவர் துணைப் பிரிவு என்று எழுதியிருந்தது. உள்ளே ஐம்பது வயதிருக்கும் அம்மாள் ஒருவர், பேச்சி பெயரைச் சொன்ன உடனே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க. நாலு தடவை போன் பண்ணச் சொன்னேன். சுகப்பிரியா எப்படி இருக்கா? சாப்பிடறாளா?"

சாப்பிடுகிறாளா என்று கேட்ட ஒரே ஆள். பேச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"உட்காருங்க. முதல்ல நல்ல விஷயத்தைச் சொல்லிடறேன்." கனகலட்சுமி ஒரு பைலைத் திறந்தார். "அந்த ரிவ்யூல நடந்தது எனக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அவ வாயைத் திறக்கலை, கூடப் படிக்கிற ஒரு பையன் வந்து சொன்னான். அன்னிலேருந்து ஓடிட்டிருக்கேன். நேத்து சாயங்காலம் கமிட்டி ஒத்துக்கிட்டாங்க. அவளுக்கு ஆறு மாசம் லீவு. சீட்டு அப்படியே இருக்கும். திரும்பி வந்ததும் என்னோட லேப்ல உட்காரலாம், நானும் அவளுக்கு வழிகாட்டி. செவ்வாய்க்கிழமை முழுக்க மெஷின் அவளுக்குத்தான். அந்தப் பேராசிரியர் இனிமே அவ ரிவ்யூவுக்கு வரமாட்டார். அவளும் நீங்களும் வந்து ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

பேச்சி மடித்து வைத்திருந்த நகலைப் பிரித்தாள்.

"ஏம்மா?"

அதை நீட்டினாள்.

கனகலட்சுமி அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு கண்ணாடி இல்லாமலேயே இன்னொரு தடவை படித்தார்.

"எப்ப கொடுத்தீங்க?"

"இப்பதான் மேடம். கால் மணி நேரம் இருக்கும். பேரை வெட்டிருவீங்கன்னு... எங்க கம்பெனியில..."

"அவளை வெளியே அனுப்பவாம்மா நாலு தடவை போன் பண்ணுவேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால் பேச்சி தாங்கியிருப்பாள். கனகலட்சுமி அலமாரியிலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"அஞ்சு வருஷத்துல இந்த மாதிரிக் குடும்பத்திலேருந்து பிஎச்.டி.க்கு நாலு பொண்ணுங்க வந்தாங்க. மூணு பேர் போயிட்டாங்க. இது அவங்க கொடுத்தது. படிச்சுப் பாருங்க. மூணுலயும் சொந்தக் காரணம், சொந்த விருப்பம். என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி கிடையாது. கமிட்டியில இதைத்தான் எடுத்துக் காட்டுவாங்க. பாருங்க மேடம், எங்க தப்பு ஒண்ணுமில்லை, அவங்களா ஆசைப்பட்டுப் போறாங்கன்னு. இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பேச்சி அந்தக் காகிதங்களைத் தொடவில்லை. தொடாமலேயே தெரிந்தது. யாரோ அழுதுகொண்டு வந்து நின்றிருப்பார்கள், யாரோ அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். நாற்பது பெண்களுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்திருந்தாள் அவள். அந்த நாற்பதில் எத்தனை பேரை யார் யார் என்னவெல்லாம் செய்து துரத்தினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவ்வளவையும் 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி' என்ற ஒரு வரியில் துடைத்துவிட்டது அவள் கைதான். நாற்பத்தோராவதாகத் தன் விரலாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டாள்.

"அந்த லெட்டரைத் திருப்பி வாங்கிரலாம்ல மேடம்? கால்ல வேணாலும் விழுதேன்."

"கீழே வாங்க."

இருவரும் படியில் ஓடினார்கள். கோபால் கையை விரித்தார். வசந்தகுமார் எழுதிக் கொடுத்த பிறகு லெட்டர் டைரக்டர் அறைக்குப் போய்விட்டது. மற்ற லெட்டர்கள் அந்த மேஜையில் மாதக்கணக்கில் தூங்கும். இது மட்டும் பதினைந்து நிமிஷத்தில் நடந்து போயிருக்கிறது. டைரக்டர் சென்னையில், நாளைக்குக் காலை பத்து மணிக்குத்தான் வருவார்.

"அவர் கையெழுத்துப் போடறதுக்குள்ள சுகப்பிரியா நேர்ல வரணும்," என்றார் கனகலட்சுமி. "அவ கையால எழுதணும். 'லெட்டரைத் திரும்ப வாங்கிக்கிறேன், தொடர்ந்து படிக்கிறேன்'னு ரெண்டு வரி. நீங்க எழுதக் கூடாது, நானும் எழுத முடியாது. பத்து மணிக்கு மேல போச்சுன்னா திரும்ப நுழைவுத் தேர்வு, திரும்ப முதல்லேருந்து. அப்புறம் அவ வருவாளா?"

வரமாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

*

தண்டலத்தில் பஸ் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, ஒரகடம் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை தாண்டிவிட்டது. மதிய ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ் அவள் கண் முன்னாலேயே திரும்பிப் போனது. பன்னிரண்டு வருஷத்தில் சொல்லாமல் லீவு போட்டது கிடையாது. அதைப் பற்றி நினைக்கக்கூட அவளுக்கு இப்போது நேரமில்லை.

வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு மாரி போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, அரை மணியா வெயிட் பண்ணிக்கினு கீறேன். ரெண்டு மணிக்குள்ள ஆபீஸ்ல குடுக்கணும்."

"இருடா," என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

கதவைத் திறந்தவள் திகைத்துப்போனாள். அறை பெருக்கித் துடைத்திருந்தது. பாய் சுருட்டி மூலையில் நின்றது. சுகப்பிரியா தலைக்குக் குளித்து, இறுக்கிப் பின்னி, நீல நிறச் சுடிதார் போட்டிருந்தாள். சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. மடியில் பிளாஸ்டிக் பைல்.

இருபத்திரண்டு நாளில் இன்றைக்குத்தான் இவள் பார்க்க மனுஷியாக இருக்கிறாள். இந்த நேரத்திலா இதைச் சொல்ல வேண்டும்?

சொன்னாள். மூச்சு வாங்க வாங்க, முன்னுக்குப் பின்னாக, எல்லாவற்றையும் சொன்னாள். கனகலட்சுமி மேடம், ஆறு மாத லீவு, புது லேப், செவ்வாய்க்கிழமை மெஷின், மாறிய பேராசிரியர், நாளைக்குப் பத்து மணி.

சுகப்பிரியா தலையைக் குனிந்தபடியே கேட்டாள்.

"நான்தாம்ட்டி அவசரப்பட்டுட்டேன். மேடம் உன்னைய விடவே மாட்டேங்காங்க. எந்திரி, இப்பவே போவோம். ராத்திரி ஹாஸ்டல்ல தங்கிக்கிடலாம். காலைல முதல் ஆளாப் போய் நின்னுருவோம்."

"வேண்டாங்கா."

"ஏன்?"

"மார்க் ஷீட்டு எடுத்து வச்சுட்டேன். மாரி அண்ணன் கீழ நிக்காரு."

"அவன் கிடக்கான். நீ படிக்கணும்ட்டி."

சுகப்பிரியா நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அழுது முடித்துவிட்டவளின் கண் அது.

"அந்த ஆளு எந்தக் கோட்டான்னு கேட்டாருல்ல, அன்னைக்கே நான் போயிருக்கணும். போகல. வசந்தகுமார் சார் என்னையப் பாக்காமலே பேசுவாரு. அப்பவும் போகல. ஏன் தெரியுமா? ஊர்ல அப்பா இருக்காரு, இங்க அக்கா இருக்கா. இந்த உலகத்துல யாரு என்னைய வேண்டாம்னு சொன்னாலும் எங்கக்கா மட்டும் சொல்லமாட்டான்னு நெனச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன். படுத்துக் கிடந்தேன்னாலும் விட்டுறலக்கா. எந்திரிக்கத் தெம்பு இல்ல, அவ்வளவுதான். நீ என்னைய 'போட்டி, போய்ப் படிட்டி'ன்னு ஒரு வார்த்தை ஏசுவன்னு பாத்தேன். ஏழு நாளாப் பாத்தேன்."

"நான் உனக்குப் பிடிக்கலன்னு..."

"எட்டாவது நாளு லெட்டரைக் கொண்டாந்து நீட்டுன. சரின்னு படுதான்னு கேட்டேன். சரிதான்னுட்ட."

பேச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது ஒரே ஒரு நொடி உண்மையைப் பேசியிருந்தால் போதும். அவள் பேசவில்லை. தங்கையின் மனசைக் காப்பாற்றுகிறேன் என்று தன் மனசை மறைத்தாள். தங்கையும் அதையேதான் செய்தாள். பாசம் இருக்கிற வீட்டில்தான் இந்த மாதிரிக் கொலையெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும்.

"தப்புதாம்ட்டி. எனக்குக் காலேஜ் தெரியாது, கம்பெனிதான் தெரியும். செருப்பால அடி, வாங்கிக்கிடுதேன். ஆனா நாளைக்கு வா. அந்த ரெண்டு வரிய எழுதிக் குடுத்துரு. உன்னையக் கெஞ்சிக் கேக்கேன்."

அவள் தங்கையிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. சுகப்பிரியாவுக்கே அது என்னவோ போலிருந்தது. எழுந்துவந்து அக்காவின் எதிரில் உட்கார்ந்தாள். கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். குரல் தணிந்துதான் வந்தது.

"ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லு. நான் படிக்கணும்னு கெஞ்சுதியா, இல்ல நீ செஞ்ச தப்பு சரியாகணும்னு கெஞ்சுதியா?"

கீழே மாரி ஹாரன் அடித்தான்.

நீ படிக்கணும்னுதாம்ட்டி என்று உடனே சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் காலையில் ஒரு பதிலை யோசிக்காமல் சொன்னதன் சூடு இன்னும் ஆறவில்லை. இந்த முறையாவது உள்ளதைச் சொல்ல வேண்டுமே என்று பேச்சி தனக்குள்ளே தேடிப் பார்த்தாள். இரண்டும் இருந்தது. எது முதலில் இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் யோசித்தது அரை நிமிஷம்தான் இருக்கும். அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள் சுகப்பிரியா. அக்காவின் கையை மெதுவாக விட்டுவிட்டு, பைலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.